மஞ்சள் நிறத்தில் ஒரு பனிச்சரிவு

அந்தக் கார்த்திகையில் இண்டூர்ப் பக்கம் பனிச்சரிவு பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது. எங்கள் ஊரில் யாரும் பனிமலையைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைக்கவில்லை. மட்டையைத் தொடாதவர்கள் கிரிக்கெட் பேசுவதில்லையா, அதுபோலத்தான்.

பனிமலையில் இருந்தது என் அண்ணன் ஒருவன்தான். பத்தாம் வகுப்பில் தோற்ற கையோடு ஜேசிபியில் கிளீனராக ஏறியவன், சில வருடங்களில் ஆபரேட்டர் ஆனான். ஒப்பந்தக்காரர் ஒருவர் அவனை இமாசலத்துக்கு அழைத்துப் போனார். உயரமான கணவாய் ஒன்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் தகரக் கூடாரங்கள், அவன் இருப்பு அங்கே. பனி விழுந்தால் சாலையிலிருந்து தள்ளிவிட வேண்டும், விழாத நாளில் சாலையை அகலப்படுத்த வேண்டும். அவன் வீட்டுக்கு வர வேண்டுமானால் அந்தக் கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை.

அவன் வரத்தான் வேண்டும் என்பது எங்கள் அக்கா குடும்பத்தின் முடிவு. அக்காவைக் கம்பைநல்லூரில் கொடுத்திருக்கிறது. அவள் மகளுக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மடி இல்லையென்றால் காது இல்லை. அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்காமல் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. மறுபடியும் தள்ளினால் அக்கா அந்த வீட்டில் தலை நிமிர முடியாது என்று அக்காவே சொன்னாள். அவள் மாமியாரை அறிந்தவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

அக்கா வீட்டுக்காரரின் நண்பர்கள் அதற்குள் கம்பைநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட என் அண்ணன், பின்னால் வெள்ளை வெளேரென்று மலை, ஓரத்தில் மஞ்சள் ஜேசிபி. ‘இமயத்தையே வழிவிட வைத்த தாய்மாமனே, வருக!’ காது குத்திக்கொள்ள வேண்டிய குழந்தையின் படம் கீழ் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது.

இந்தக் கதையில் என் பங்கு படிப்பது. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் கால்கள் என்னுடையவை. புவியியலில் முதுகலை முடித்து, தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் அதையே கற்பிக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் கூச்சப்பட்டால் நான் படித்தது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

அண்ணன் இருந்த இடத்துக்குத் தினமும் மதியத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை ஒன்று வரும். ஆங்கிலத்தில் இருக்கும். அவன் அதை எனக்கு அனுப்பி, கூடவே குரலையும் பதிந்து அனுப்புவான். “பாப்பா, என்னா போட்டிருக்குது? சுருக்கமா சொல்லு, டீசல் ஊத்தணும்.” நான் படித்துச் சொல்வேன். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒருநாள் அவன் அதைத் தவறுதலாகக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த அறிக்கை பொதுச்சொத்து ஆனது.

அன்றைய அறிக்கையின் வரைபடத்தில் அவன் இருந்த வட்டாரம் மஞ்சளாக இருந்தது.

“பாத்தீங்களா, மஞ்சள்ல வந்திருக்குது!” என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல காரியத்துக்கு நாள் குறிச்சமா, சாமி உத்தரவு குடுத்திருச்சு.”

“அம்மா, மஞ்சள்னா ஜாக்கிரதையா இருங்கன்னு அர்த்தம். பச்சைதான் நல்லது.”

“மஞ்சள்னா ஜாக்கிரதையா? கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுறமே, அது என்னா ஜாக்கிரதைக்குத் தடவுறதா?”

கல்யாணத்துக்கு அந்த அர்த்தமும் பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்குள் அம்மா அந்தப் படத்தைக் கம்பைநல்லூருக்கு அனுப்பிவிட்டாள். அக்காவின் மாமியாரிடமிருந்து கும்பிடுகிற கைகளும் குத்துவிளக்கும் பதிலாக வந்தன.

அப்பா நிறத்தை நம்புகிறவர் இல்லை. அவர் எண்ணைப் பார்ப்பவர். என் மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அறிக்கையில் ஆபத்தின் அளவு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட்டிருக்கும். அன்றைக்கு இரண்டு.

“அஞ்சுக்கு ரெண்டு. நூத்துக்கு நாப்பது. பாஸ்தானே?” என்றார்.

“அப்பா, இது ஆபத்துக்குப் போடுற மார்க்.”

“எதுக்குப் போட்டாலும் மார்க்கு மார்க்குதான். முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா பயமில்ல.”

இவர்கள் இருவரையும் நான் சமாளித்திருப்பேன். பெரியப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. பெரியப்பா சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். நல்லம்பள்ளி வரைக்கும் அவர் பெட்டிதான் போகும். அதனால் எங்கள் தெருவில் குளிர், பனி, மைனஸ் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை அவருடையது.

“குளிரப் பத்தி எங்கிட்டச் சொல்றியா?” என்றார். “எம்பொட்டில எத்தினி பேரு படுத்திருக்காங்க. ஒருத்தனாச்சும் குளிருதுன்னு எந்திரிச்சு வந்திருப்பானா?”

“பெரியப்பா, குளிர் இல்ல பிரச்சினை. பனி சரியும். ஆளை மூடிரும்.”

“சரியட்டும். இப்பத்தான மொதப் பனி உழுந்திருக்குது? மொத மழைக்கே எந்த ஏரியாச்சும் ஒடைஞ்சிருக்குதா? தை மாசம் சொல்லு, ஒத்துக்கறேன்.”

ஊர் முழுக்க இந்த ஏரிக் கணக்கு பரவிவிட்டது. டீக்கடையில் எனக்குத் தெரியாதவர்கள்கூட அதைச் சொன்னார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். பனி குறைவென்றால் ஆபத்தும் குறைவு. ஆனால் பருவத்தின் தொடக்கத்தில் விழும் பனிக்கு வேறு ஒரு குணம் உண்டு. முதலில் மெல்லியதாக விழுந்து தங்கும். அடுத்தடுத்த இரவுகளின் கடுங்குளிரில் அது ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும், சர்க்கரையைப் போல. பிறகு அதன்மேல் புதுப்பனி விழும். காற்றும் எங்கிருந்தோ பனியை அள்ளி வந்து அதே சரிவில் கொட்டும். மேலே கனமான விரிப்பு, அடியில் உருளும் மணி. பார்க்க அமைதியாக இருக்கும். ஓர் ஆள் மிதித்தாலும் போதும், ஒரு வண்டி அதிர்ந்தாலும் போதும், மொத்தமாகக் கிளம்பிவிடும்.

இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஆனபோது ஆசிரியராக இருக்கிறவள் செய்வதைத்தான் செய்தேன். செய்துகாட்ட முடிவெடுத்தேன்.

களத்தில் கேழ்வரகை, எங்கள் பேச்சில் கேவுருவை, அடித்துக் குவித்திருந்த நேரம் அது. ஒரு தகரத்தைச் சாய்த்து நிறுத்தி, அதில் கேவுருவைப் பரப்பி, மேலே ஒரு சாக்கை நனைத்துப் போர்த்தினேன். “இந்தக் கேவுருதான் மொதப் பனி. சாக்குதான் ரெண்டாவது பனி. இப்பப் பாருங்க” என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். சாக்கு அசையவில்லை. தகரத்தை லேசாகத் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. என் வகுப்பு மாணவர்களாக இருந்தால் அதற்குள் சிரித்திருப்பார்கள். பெரியப்பா அதைவிட மோசம், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “உடு சாமி. படிச்சதெல்லாம் பலிக்கோணும்னு சட்டமா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் எங்கள் கோழி ஒன்று கேவுருவைக் கண்டு தகரத்தின் உச்சியில் ஏறியது. இரண்டு அடி வைத்திருக்கும். சாக்கு, கேவுரு, கோழி மூன்றும் ஒன்றாகக் கீழே வந்தன. சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கதறல் கேட்டது. அம்மா ஓடிவந்து கோழியை மீட்டாள்.

“பாத்தீங்களா!” என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சரியான நேரத்தில் யாரும் எனக்கு உதவியதில்லை.

பெரியப்பா நின்று யோசித்தார். “கோழி ஏறுனா சரியுது, செரி” என்றார். “உங்கண்ணன் என்னா கோழியா?”

அம்மா கேவுருவைக் கூட்டி அள்ளியபடி, “கல்லும் மண்ணுமாப் போச்சு” என்றாள். அத்தோடு என் செய்முறை விளக்கம் முடிந்தது.

அண்ணன் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் அறிக்கை ஆரஞ்சுக்கு மாறியது. எண் மூன்று. புதுப்பனி, பலத்த காற்று, அடியில் பலவீனமான படலம், செங்குத்துச் சரிவுகளின் கீழே போக வேண்டாம். நான் நினைத்தது அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை வந்தது, அண்ணன் போகப்போகும் வழி நினைவுக்கு வரும்வரை. விடுப்பில் ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டும் வண்டி மறுநாள் காலை. அதில் ஏறினால்தான் ரயிலைப் பிடித்துக் காதுகுத்துக்கு வந்து சேர முடியும்.

குழுவில் கொண்டாட்டம் தொடங்கியிருந்தது.

“காவி கட்டி வந்திருக்குது. சாமியே தொணைக்கு வருது” என்றாள் அம்மா.

“அறுபது! ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்றார் அப்பா. எனக்கு முதல் முறையாக அறுபது வந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர் அவர். அதே குரல்.

நான் வகுப்பறைக் குரலில் கத்திவிட்டேன். “மஞ்சள் கவனம், ஆரஞ்சு ஆபத்து, செவப்பு சாவு! இதாவது புரியுதா?”

“காது குத்துற வூட்ல சாவுன்னு சொல்ற வாயப் பாரு. போயி வாயக் கொப்புளிச்சிட்டு வா” என்றாள் அம்மா. கொப்புளிக்கும் வரைக்கும் விடவில்லை.

அக்கா போனில் அழுதாள். “உனக்கென்னா, படிச்சிட்ட, வேலையிருக்குது. நான் இங்கியே கெடக்கணும். எங்கத்தை தெனமும் சோத்தோட சேத்து இதையும் போடுவாங்க. அவன வர வேணாம்னு சொல்லிப்புடாத.” அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் மேலே படிக்கட்டும் என்று நின்றவள் என்று அம்மா சொல்வாள். படிப்புப் பிடிக்காமல் நின்றவள் என்று அக்காவே சொல்வாள்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய் அண்ணனை அழைத்தேன்.

“அண்ணா, நாளைக்கு வண்டியில ஏறாத.”

“அக்கா அழுவுது பாப்பா.”

“எங்கிட்டயும்தான் அழுதுச்சு.”

“இங்க எல்லாரும் போறாங்க. வருசாவருசம் இந்த நேரத்துல போறதுதானாம். மேஸ்திரி சிரிக்கிறான்.” காற்றுச் சத்தத்தில் குரலை உயர்த்தினான். “கண்டிப்பா சரியுமா?”

“தெரியாது. சரியலாம். சரியாமயும் போவலாம்.”

“அதுக்கோசரமா அவ்ளோ படிச்ச? இத எங்க மேஸ்திரியே சொல்லுவான்.”

“தெரியாத எடத்துல தெரியாதுன்னு சொல்லத்தான் அண்ணா படிச்சேன். ஏறினவங்க எல்லாரும் பத்திரமாப் போயிச் சேரலாம். போவாமயும் இருக்கலாம். காது எப்ப வேணா குத்திக்கலாம்.”

அவன் ஏறுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “செரி, வெச்சிடு” என்றான்.

மறுநாள் காலை அவன் போன் அணைந்திருந்தது. வீட்டில் எல்லாரும் அவன் கிளம்பிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டார்கள். அம்மா அவனுக்குப் பிடித்த களிக்கு மாவு சலித்து வைத்தாள். நான் பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்குப் பருவக்காற்று நடத்தினேன். தென்மேற்கு எது, வடகிழக்கு எது என்று கரும்பலகையில் போட்ட அம்புகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. பிள்ளைகள் அதைப் புயல் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மதிய இடைவேளையில் அவன் அழைத்தான்.

“எங்க இருக்க?” என்றேன்.

“இங்கியேதான். ஏறல.”

நான் பிள்ளைகள் இல்லாத கழிவறைப் பக்கம் போனேன். “மேஸ்திரிகிட்ட என்னான்னு சொன்ன?”

“எங்க சொன்னேன்? மூஞ்சிக்கு நேரா வல்லன்னு சொல்ல வரல. வண்டிக்காரன் ஆரன் அடிச்சிக்கிட்டே இருந்தான். நான் கக்கூசுக்குள்ள போயித் தாப்பாள் போட்டு உக்காந்துக்கிட்டேன். வண்டி போன சத்தம் கேட்டப்பறம்தான் வெளிய வந்தேன்.”

இமயத்தையே வழிவிட வைத்தவன் தப்பித்த விதம் இதுதான். எனக்கு அந்தக் கக்கூசைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. பனி சரியவில்லை. அன்றைக்கு அங்கே பளிச்சென்று வெயில் அடித்ததாம். வண்டி கணவாயைத் தாண்டிப் பத்திரமாக இறங்கியது. அதில் போன கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் அடிவாரத்துக் கடையில் டீ குடித்தபடி தன்னைத் தானே படமெடுத்து அனுப்பினார். அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே கம்பைநல்லூரைச் சேர்ந்துவிட்டது.

“ஏண்டி, சரியும்னு சொன்னியே?” என்றாள் அம்மா.

“சரியலாம்னு சொன்னேன்.”

“அப்ப ஏன் சரியல?”

பனி சரிந்து அந்த வண்டி புதைந்திருந்தால் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். பெரியப்பா தன் கையாலேயே போட்டிருப்பார். படித்த பிள்ளை சொன்னது அப்படியே நடந்தது என்று ஊர் வியந்திருக்கும். வண்டியில் இருந்த அத்தனை பேரும் பிழைத்துவிட்டார்கள், அதனால் என் படிப்பு செத்தது. என் அண்ணன் உயிரோடு இருப்பது யாருக்கும் ஒரு செய்தியாகவே தெரியவில்லை. அவன் முந்தின நாளும் உயிரோடுதானே இருந்தான்.

“எல்லாரும் வந்துட்டாங்க. அவன மட்டும் இவ படிச்ச படிப்பு புடிச்சிக்கிச்சு” என்றார் பெரியப்பா. டீக்கடையில் அது நன்றாக ஓடியது.

குறித்த நாளை மாற்ற முடியாது. கிடா சொல்லியாயிற்று, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று, ஊரெல்லாம் அழைத்தாயிற்று. மடிதான் இல்லை. பெரியப்பாவுக்கு எல்லாம் பெண்கள். பங்காளி முறையில் ஒருவரைக் கேட்டார்கள். “ஃபிளெக்ஸ்ல ஒருத்தன் மூஞ்சி, மடி மட்டும் என்னுதா?” என்று அவர் மறுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்.

குலதெய்வக் கோயில் கம்பைநல்லூருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கிறது. காது குத்தும் ஆசாரி மணையைப் போட்டு, ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். “மாமன் எங்கீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“மடி வேணுங்க. ஆடுற புள்ளைக்கு அந்தரத்துல குத்த முடியாதுங்க” என்றார் ஆசாரி.

அக்காவின் மாமியார் அந்தத் தருணத்துக்காகவே பட்டுப்புடவை கட்டியிருந்தவர் போல நடுவில் வந்தார். “அதான் இருக்காங்களே, டீச்சரு. இவங்கதான அவங்கண்ணன வர வேணாம்னு சொன்னது? அவங்களே மாமனா உக்காரட்டும்.”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் தலையைக் குனியவில்லை. பனியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை, குனிய என்ன இருக்கிறது? நேராக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “கேட்டுச்சில்ல? உக்காரு” என்றாள் என்னிடம்.

“அக்கா?”

“அத்தையே சொல்லிட்டாங்க. உக்காருடி, நேரம் போவுது.”

மணையில் உட்கார்ந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். தான் சொன்னதைத் தானே மறுக்க மாமியாருக்கு வழி இல்லை. பின்னால் யாரோ, “பொம்பள மடி ஆவுமா?” என்றார்கள்.

“மடின்னா மடிதாங்க, ஊசிக்கென்னா தெரியுது?” என்றார் ஆசாரி. என் பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில், “மாமா, தலைய கெட்டியாப் புடிச்சிக்கிங்க” என்றார்.

முதல் காதுக்குக் குழந்தைக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது காதுக்குத் தெரிந்துவிட்டது. என் வயிற்றில் உதைத்தாள், கையைக் கடித்தாள், என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. எல்லாம் முடிந்தபோது என் கையில் பல் தடமும், அவள் இரண்டு காதிலும் பொட்டுத் தங்கமும் இருந்தன.

மடி கொடுத்த மாமனுக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டுவது முறை. தட்டில் பட்டுத் துண்டு தயாராக இருந்தது. கட்ட வேண்டியவர் அக்கா வீட்டுக்காரர். அவர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த மல்லிகைப் பூவைப் பார்த்தார். அக்கா அவர் கையில் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் பூ நசுங்காமல் என் தலையில் சுற்றிக் கட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

அப்போது பார்த்து அண்ணன் வீடியோவில் வந்தான். குல்லாய்க்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் மலை இருந்திருக்கும், படம் உறைந்து உறைந்து வந்ததில் சரியாகத் தெரியவில்லை. அக்கா போனை வாங்கி, குழந்தையின் காதுகளை அவனுக்குக் காட்டினாள். இரண்டையும் காட்டினாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

“அடி பாவி” என்றான் அண்ணன். “அது எனக்குக் கட்ட வேண்டிய உருமாலு.”

“ஆமா. பத்திரமாத்தான் வெச்சிருப்பேன். வந்து வாங்கிக்க.”

“எப்ப வர்றது?”

நான் பதில் சொல்வதற்குள், “அவ படிச்சுச் சொல்லுவா, அப்ப வா” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் பந்திக்கு இலை போடப் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கடைசி வேன் கிளம்பும்வரை அந்த உருமாலை நான் அவிழ்க்கவில்லை.